பிராண்ட் மாறி வாங்கிய ஜிபிஎஸ் வாட்ச்: ஒரு வருடத்துக்கு மேல் கட்டி ஓடிய பிறகு

ஜிபிஎஸ் வாட்ச் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பேட்டரி, திரை, விலை. ஒரே பிராண்டில் அடுத்த மாடலுக்குப் போகிறவர்களுக்கு அது போதும். பிராண்டையே மாற்றுகிறவர்கள் வேறு ஒரு பட்டியலை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பழைய வாட்ச்சோடு என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதில் எது நம்மோடு வரும், எது வராது? பல வருடங்கள் ஒரே பிராண்டில் இருந்துவிட்டு 2024-இல் கோரோஸ் பேஸ் 3-க்கு மாறியவன் என்ற முறையில் சொல்கிறேன், கடைசியில் என் முடிவை ஆட்டிப் பார்த்ததும் மாறிய பிறகு அதிகம் வேலை வைத்ததும் இந்த இரண்டாவது பட்டியல்தான்.

நான் சென்னையில் ஓடுகிறவன். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் வார நாள் ஓட்டம், ஞாயிறு ஈசிஆரில் லாங் ரன். பழைய வாட்ச்சின் பேட்டரி லாங் ரன் முடிவதற்குள் எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்தது. ஓட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து நேரம் பதியும் லேப் பட்டன் வியர்வை உப்பில் இறுகி, அழுத்தினால் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. இன்டர்வல், அதாவது கொஞ்ச தூரம் வேகமாக, பிறகு ஓய்வு என்று மாற்றி மாற்றி ஓடுகிறவர்களுக்கு அது எவ்வளவு எரிச்சல் என்று தெரியும்.

கடைசிச் சுற்றில் நான்கு வாட்ச்கள் இருந்தன: கார்மின் ஃபோர்ரன்னர் 265, போலார் பேசர் ப்ரோ, சூன்டோ ரேஸ், கோரோஸ் பேஸ் 3. சூன்டோ ரேஸின் ஸ்டீல் மாடல் 83 கிராம். திரை அழகு, மேப்பும் உண்டு, ஆனால் என் மெலிந்த மணிக்கட்டுக்கு அது கனம். ஃபோர்ரன்னர் 265-இன் அறிமுக விலை 449 டாலர், பேஸ் 3 வெளியானபோது 229 டாலர். துணி ஸ்ட்ராப் போட்டால் பேஸ் 3-இன் எடை 30 கிராம்தான். இரவில் கட்டிக்கொண்டு தூங்கினாலும் கையில் ஒன்று இருக்கிற உணர்வே வராது. தூக்கக் கணக்கை உண்மையாகப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு இந்த எடைதான் முதல் விஷயம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். கனமான வாட்ச்சைப் பலர் படுக்கும்போது கழற்றிவைத்துவிடுகிறார்கள்.

சரி, ஒட்டிக்கொண்டிருந்தவற்றுக்கு வருகிறேன். முதலாவது செஸ்ட் ஸ்ட்ராப், அதாவது நாடித்துடிப்பை அளக்க மார்பில் கட்டும் பட்டை. பழைய ஸ்ட்ராப்கள் பலவற்றில் ஏஎன்டி பிளஸ் என்ற வயர்லெஸ் முறை மட்டுமே இருக்கும், ப்ளூடூத் இருக்காது. போலார், சூன்டோ, பேஸ் 3 எல்லாம் ப்ளூடூத் வழியாகத்தான் ஸ்ட்ராப்பைப் பிடிக்கும். கார்மினில் இரண்டும் வேலை செய்யும். சைக்கிளில் பொருத்திய பெடல் சுற்றும் வேகத்தை அளக்கும் பழைய கேடன்ஸ் சென்சாருக்கும் இதே சிக்கல். ஆகவே ஸ்ட்ராப்பின் பெட்டியை எடுத்து அதில் ப்ளூடூத் சின்னம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாட்ச்சுக்குப் பணம் கட்டினேன். என்னுடையது போலார் எச்10, இரண்டு வழியிலும் பேசக்கூடியது, தப்பித்தது. இல்லையென்றால் ஸ்ட்ராப்பின் விலையையும் வாட்ச்சின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, யாரும் பெரிதாகப் பேசாத, ஆனால் பயிற்சியையே திருப்பிப்போடக்கூடிய விஷயம்: ஹார்ட் ரேட் ஸோன், அதாவது ஓட்டம் எவ்வளவு கடினம் என்று நாடித்துடிப்பை வைத்துப் பிரிக்கும் படிகள். ஸோன் 2-இல் ஓடு, மெதுவாக ஓடு என்று எல்லாரும் சொல்கிறோம். அந்த ஸோன் 2 எங்கே முடிகிறது என்பது எந்த முறையில் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. உச்ச நாடித்துடிப்பு 185, ஓய்வு நாடித்துடிப்பு 55 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். உச்சத்தில் 70 சதவீதம் என்று போட்டால் சுமார் 130. ஓய்வுத் துடிப்பைக் கழித்து மிச்சமுள்ள 130-இல் 70 சதவீதம் எடுத்து மறுபடி 55-ஐக் கூட்டினால் 146. ஆள் ஒருவர், எழுத்தில் இரண்டும் 70 சதவீதம், நடுவில் 16 துடிப்பு வித்தியாசம்! மூன்றாவதாக, லாக்டேட் த்ரெஷோல்டை (ரத்தத்தில் லாக்டேட் வேகமாகச் சேரத் தொடங்கும் எல்லையை) வைத்துப் பிரிக்கும் முறையும் இருக்கிறது. பிராண்டுக்குப் பிராண்ட் எந்த முறை முதலில் அமைந்திருக்கிறது, மொத்தம் எத்தனை ஸோன் என்பதெல்லாம் மாறும். புது வாட்ச்சைத் திறந்ததும் அது கொடுக்கும் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு ஓடினால், இத்தனை நாள் நிதானமாக ஓடிய வேகம் திடீரென்று கடினமான பயிற்சி என்று பதிவாகும், அல்லது நேர்மாறாக. நான் பழைய வாட்ச்சில் இருந்த ஸோன் எல்லைகளை ஒரு தாளில் எழுதிவைத்து, புதியதில் கையாலேயே உள்ளிட்டேன். பிராண்ட் மாறுகிற நண்பர்கள் எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

விஓ2 மேக்ஸ் (உடம்பு பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு), பயிற்சிச் சுமை, ரேஸ் கணிப்பு போன்றவற்றுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிச் சூத்திரம். கார்மினின் கணக்குகளுக்குப் பின்னால் ஃபின்லாந்தின் ஃபர்ஸ்ட்பீட் நிறுவனம் இருக்கிறது, அதன் பகுப்பாய்வுப் பிரிவை கார்மின் 2020-இல் வாங்கிவிட்டது. கோரோஸ் 2021-இல் கொண்டுவந்த ஈவோலேப் என்ற கணக்கு முறை வேறு வழியில் போகிறது. விஓ2 மேக்ஸைப் பழையது 50 என்று காட்டியது, புதியது 47 காட்டுகிறது என்றால் நம் உடம்பு இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. எச்ஆர்வி (ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம் மாறும் அளவு) போன்றவற்றுக்குப் பல வாரத் தூக்கம் பதிவானால்தான் அடிப்படை அளவு உருவாகும். அதனால் முக்கியமான ரேஸுக்கு முந்தைய மாதத்தில் பிராண்ட் மாற்றாதீர்கள். ரேஸ் முடிந்து ஓய்வெடுக்கும் வாரங்கள்தான் நல்ல நேரம்.

பழைய ஓட்டங்களின் பதிவு பாதிதான் கூட வரும். பெரும்பாலான பிராண்ட்களில் நம் கணக்கிலிருந்து எல்லாப் பதிவுகளையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். ஓட்டப் பதிவுக்கான ஃபிட் வகைக் கோப்புகளாக வந்தவற்றைக் கோரோஸில் ஏற்றினேன், தூரம், நேரம், பாதை எல்லாம் வந்தன. தூக்கமும் ஓய்வு நாடித்துடிப்பின் வரலாறும் எச்ஆர்வியும் வரவில்லை. பிராண்ட் மாறாதவர்களும் வருடத்துக்கு ஒரு முறை இப்படி ஒரு பிரதி எடுத்துவைப்பது நல்லது. 2020 ஜூலையில் கார்மினின் சேவைகள் சைபர் தாக்குதலில் சில நாள்கள் முடங்கியது பலருக்கு நினைவிருக்கும்.

இனி ஜிபிஎஸ். பேஸ் 3-இல் இரட்டை அலைவரிசை இருக்கிறது, அதாவது எல்1 என்ற வழக்கமான ஜிபிஎஸ் அலைவரிசையுடன் எல்5 என்ற இன்னொன்றையும் கேட்கிறது. கட்டடங்களில் பட்டுத் திரும்பி வரும் சிக்னலை நேராக வந்த சிக்னலிலிருந்து பிரித்தறிய எல்5 உதவுகிறது. ஈசிஆரில் திறந்த வானத்தின் கீழ் ஓடும்போது இதனால் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை. இந்திரா நகர், தரமணி பக்கம் பறக்கும் ரயிலின் பாலத்தை ஒட்டி ஓடும்போதுதான் தெரிகிறது. அங்கே பழைய வாட்ச்சின் கோடு சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அலையும். இதில் நான் ஓடிய ஓரத்திலேயே பெரும்பாலும் நிற்கிறது. ஆனால் பேட்டரிக்குச் செலவு உண்டு: சாதாரண ஜிபிஎஸ்ஸில் 38 மணி நேரம் என்றும் இரட்டை அலைவரிசையில் 15 மணி நேரம் என்றும் நிறுவனமே சொல்கிறது. எனக்கு ஏறத்தாழ பத்து நாளுக்கு ஒரு சார்ஜ் போதும்.

எவ்வளவு நல்ல ஜிபிஎஸ் என்றாலும் மராத்தான் முடிவில் 42.195 என்று நிற்காது, கொஞ்சம் கூடத்தான் காட்டும். சான்றிதழ் பெற்ற பாதையை வளைவுகளின் மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள், குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்த்தும் வைக்கிறார்கள். நாம் கூட்டத்தில் விலகி விலகி ஓடுகிறோம். இதை வைத்து வாட்ச்சைக் குறை சொல்வது நியாயமில்லை. ரேஸில் கிலோமீட்டர் பலகை வரும்போது கையால் லேப் அழுத்துவதுதான் சரியான வழி.

திரை மெமரி இன் பிக்ஸல் வகை, அதாவது வெளி வெளிச்சத்தைப் பிரதிபலித்துக் காட்டுவது. வெயில் ஏற ஏற இன்னும் தெளிவாகத் தெரியும், நம் ஊரில் ஏழு மணிக்கே அடிக்கிற வெயிலுக்கு இது பெரிய வரம். விடியற்காலை இருட்டிலும் வீட்டுக்குள்ளும் தானே ஒளிரும் அமோலெட் திரைதான் மேல், அதில் சந்தேகமில்லை. இருட்டில் கிளம்பி இருட்டிலேயே முடிக்கிறவர்கள் அமோலெட் பக்கம் போகலாம். வாட்ச்சின் பக்கத்திலுள்ள திருகு குமிழ், வழியும் வியர்வையிலும் கைக்கு அடங்குகிறது. தொடுதிரையை ஓடும்போது நான் பயன்படுத்துவதே இல்லை. ஓட்டம் முடிந்ததும் குழாயடியில் நல்ல தண்ணீரில் வாட்ச்சைக் கழுவிவிடுகிறேன். உப்பு தங்கினால் பட்டனும் காற்றழுத்தமானியின் சிறு துளையும் கெடும், எந்த பிராண்டாக இருந்தாலும்.

மணிக்கட்டு ஹார்ட் ரேட் பற்றி ஒரு வார்த்தை. எல்லா வாட்ச்சிலும் பச்சை ஒளியை ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்றுதான் பார்க்கிறார்கள். வாட்ச்சின் ஸ்ட்ராப் தளர்ந்தால், ஓடும் காலடிகளின் தாளத்தையே நாடித்துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். நிதானமாக ஓடும்போது 175 காட்டினால் சந்தேகப்படுங்கள், அது பெரும்பாலும் உங்கள் கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கு வைக்கும் காலடிகளின் எண்ணிக்கை. எலும்புக்கு மேலே இரண்டு விரல் தள்ளி இறுக்கிக் கட்டினால் நிதான ஓட்டங்களுக்குப் போதுமான அளவு சரியாக இருக்கிறது. இன்டர்வலுக்கு நான் இன்றும் எச்10-ஐத்தான் கட்டுகிறேன், அதன் பட்டையை நனைத்துவிட்டு.

ஓடும்போது ஸ்பாட்டிஃபை கேட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்கு பேஸ் 3 பொருந்தாது, அதில் நாமே ஏற்றும் எம்பி3 மட்டும்தான். அவர்கள் ஃபோர்ரன்னர் 165-இன் மியூசிக் மாடலைப் பார்க்கலாம், இரட்டை அலைவரிசை இல்லை என்பது நினைவிருக்கட்டும். அப்புறம், எதை வாங்கினாலும் பழைய வாட்ச்சை உடனே விற்றுவிடாதீர்கள். சில வாரம் இரண்டு கையிலும் இரண்டைக் கட்டி ஓடி, நிதான ஓட்டத்தில் இரண்டும் என்ன காட்டுகின்றன என்று எழுதிவையுங்கள். இறக்கிய கோப்புகள் புதிய ஆப்பில் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு பழைய கணக்கை மூடலாம்.