இசைத்தட்டுக் கருவிக்கு அடியில்: நான்காண்டு அனுபவம்

காரைக்குடியை அடுத்த எங்கள் பூர்வீக வீட்டின் மாடி அறையில் டர்ன்டேபிளை (இசைத்தட்டைச் சுழற்றி இசைக்கும் கருவியை) வைத்த முதல் வாரத்திலேயே, யாராவது அறைக்குள் நடந்தால் ஊசி தட்டின் மேல் துள்ளுவதைக் கவனித்தேன். தேக்கு உத்திரங்கள் தாங்கும் தளம் என்பதால், காலடி பட்டதும் மேசையோடு சேர்ந்து அசைந்தது. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்குப் பங்காளிகள் கூடி, பிள்ளைகள் ஓடியாடிய நாளில் தட்டைப் போடவே முடியவில்லை. இத்தகைய தளத்துக்குச் சுவரில் பொருத்தும் தாங்கியே சிறந்தது என்று தெரிந்தும் நான் அதை நாடவில்லை. கண்ணாடிபோல் இழைத்த சுண்ணாம்புப் பூச்சில் ஒரு துளை விழுந்தால் அதே பக்குவத்தில் திரும்பப் பூச ஆள் கிடைப்பது அரிது. சுவரும் பங்காளிகள் அனைவருக்கும் பொதுவானது. ஆகவே அதிர்வைத் தடுக்கும் கால்களை வாங்கி அடியில் வைத்தேன்.

முதலில் வாங்கியவை ரப்பர்போல் மென்மையான பாலியூரித்தேன் கால்கள் நான்கு. ஒவ்வொன்றும் 4 முதல் 8 கிலோ வரை தாங்கும் என்று உறையில் அச்சிட்டிருந்தார்கள். அதிகம் தாங்குவது நல்லதுதானே என்று எண்ணியது என் பிழை. என் டர்ன்டேபிள் 6 கிலோ. ஒரு காலுக்கு ஒன்றரைக் கிலோதான் வந்தது, கால்கள் ஒரு மில்லிமீட்டர்கூட அமிழவில்லை. இக்கால்கள் அடிப்படையில் சுருள்வில்லைப் போன்றவை. பாரத்தில் எவ்வளவு அமிழ்கின்றனவோ அதைப் பொறுத்தே அவற்றின் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் நொடிக்கு எத்தனை முறை தாமாக ஆடும் என்பது, அமையும்: 1 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் சுமார் 16 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 16 முறை), 4 மில்லிமீட்டருக்கு 8, ஒரு சென்டிமீட்டருக்கு 5. அந்த அதிர்வெண்ணைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளையே கால்கள் தடுக்கும். அதற்குக் கீழே தடுப்பதில்லை, இயல்பு அதிர்வெண்ணை ஒட்டியவற்றைப் பெருக்கவும் செய்யும்.

இது புரிந்த பிறகு, ஒரு சென்டிமீட்டர் அமிழும் எஃகுச் சுருள்வில் கால்களை வாங்கினேன். நிலைமை இன்னும் மோசமாயிற்று. மனிதர் நடையில் நொடிக்கு இரண்டு அடி விழுகிறது. 5 ஹெர்ட்ஸ் வில் அந்த மெதுவான அசைவைத் தடுக்கவே இயலாது. அசைவை அடக்கும் ரப்பர் எதுவும் அந்த வில்லோடு இல்லாததால், ஒருமுறை ஆடத் தொடங்கிய கருவி நெடுநேரம் ஆடிக்கொண்டே இருந்தது. மரத்தளத்தின் காலடி அசைவுக்குக் காலில் மருந்து இல்லை என்பதை ஏற்றுக்கொண்டு, எல்லாவற்றையும் கீழே பட்டாலை எனும் கூடத்துக்கு அடுத்த அறைக்குக் கொண்டுவந்தேன். மண்ணின் மேல் அமர்ந்த தரை. எத்தனை பேர் நடந்தாலும் ஊசி அசையவில்லை. நான்காண்டில் நான் செய்த மாற்றங்களில் பெரும் பலன் தந்தது செலவே இல்லாத இதுதான்.

கீழே வேறொரு சிக்கல் இருந்தது. நாதஸ்வரத் தட்டைச் சற்று உரக்க வைத்தால் தவிலின் கனத்த முழக்கம் ஸ்பீக்கரிலிருந்து மேசைக்கும், அங்கிருந்து ஊசிக்கும் ஏறி, ஒலி கலங்கிற்று. இதை எளிதாகச் சோதிக்கலாம்: தட்டைச் சுழலவிடாமல் ஊசியை அதன்மேல் வைத்து, ஒலியளவை மெதுவாகக் கூட்ட வேண்டும், ஊளைபோல் ஓர் ஒலி எழுந்தால் அதிர்வு சுற்றிவருகிறது என்று பொருள். இந்த அதிர்வுகள் பெரும்பாலும் 30 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை. இங்கே கால்கள் மெய்யாகவே உதவும். ஒதுக்கிவைத்த பாலியூரித்தேன் கால்களை எடுத்து, அவற்றின்மேல் 45க்கு 35 சென்டிமீட்டர் அளவில் 3 சென்டிமீட்டர் கனமுள்ள கடப்பாக் கல்லை வைத்து, அதன்மேல் டர்ன்டேபிளை அமர்த்தினேன். கல்லோடு மொத்தம் 19 கிலோ அளவுக்கு வந்ததால் ஒரு காலுக்கு ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவான பாரம் கிடைத்தது. பயனற்றவை என்று நான் தள்ளிய அதே கால்கள் 3 மில்லிமீட்டர் அமிழ்ந்து சரியாக வேலை செய்தன. ஊளை நின்றது, தவிலின் ஒவ்வோர் அடியும் தனித்துக் கேட்டது.

ஸ்பீக்கர் ஸ்டாண்டுகளில் நான் பட்ட வருத்தம் வேறு. அவற்றோடு வந்த கூர்முனை ஸ்பைக்குகளை அப்படியே தரையில் நிறுத்தியதில் ஓர் ஆத்தங்குடிக் கல்லின் வண்ணப் படலம் பெயர்ந்தது. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி ஆக்கும் அந்தப் படலம் மெல்லியது. ஆச்சி நாளில் பதித்த கல்லுக்கு அதே சாயலில் மாற்று கிடைக்கவில்லை. ஸ்பைக் அதிர்வைத் தடுப்பதில்லை, ஸ்டாண்டை ஆட்டமின்றி நிறுத்துவதே அதன் வேலை. சமதளத் தரையில் அதற்குத் தேவையே இல்லாததால் கழற்றிவிட்டுக் கம்பளித் துண்டுகளை ஒட்டினேன். உள்ளீடற்ற தூண்களில் சலித்து வெயிலில் நன்கு உலர்த்திய மணலை நிரப்பியதும் அவற்றின் கணகணப்பு அடங்கியது.

ஆம்ப்ளிஃபயருக்கும் சிறப்புக் கால்கள் வைத்துப் பார்த்தேன். டிரான்சிஸ்டர் வகை என்பதால் எந்த மாற்றமும் கேட்கவில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்போருக்கு நிலைமை வேறு. வால்வுகள் அதிர்வை ஒலியாக மாற்றக்கூடியவை.

கால்களைத் தேக்கு மேசையின்மேல் நேரடியாக வைத்திருந்த இடத்தில் எண்ணெய்க் கறை ஊறிவிட்டது. இப்போது அடியில் மெல்லிய எஃகுத் தகடு இட்டிருக்கிறேன். ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்ம் பக்கத்துக் கால் நான்காம் கோடையில் மற்றவற்றைவிட அதிகம் அமுங்கியதை ரசமட்டம் காட்டியது. கல்லை அரை அங்குலம் நகர்த்திப் பாரத்தைச் சமன்செய்தேன். அந்தக் காலை மட்டும் விரைவில் மாற்ற வேண்டியிருக்கும்.