இரண்டு லைனுக்குப் பணம் கட்டினேன், ஓடியது ஒன்றில்தான்

சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். ஒரே சர்வரில் பிராக்ஸ்மாக்ஸ் (ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் சாஃப்ட்வேர்), அதற்குள் மூன்று விர்ச்சுவல் மெஷின், அதாவது சாஃப்ட்வேரால் ஆன கம்ப்யூட்டர்: டேலிக்கு ஒன்று, ஃபைல்களுக்கு ஒன்று, சிசிடிவி பதிவுக்கு ஒன்று. கேமராவை வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்பதால், அது மட்டும் தனி இன்டர்நெட் லைனில் போகட்டும், கிளையன்ட் கணக்குகள் இருக்கும் பக்கமே வரக்கூடாது என்று, சர்வரை அமைத்துக் கொடுத்த தம்பியிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். அதற்காகவே இரண்டாவது ஃபைபர் இணைப்பு வாங்கினேன். நாலு போர்ட் நெட்வொர்க் கார்டுக்கு 8,500 ரூபாய், "நெட்வொர்க் பிரிப்பு" என்று பில்லில் போட்டு 6,000 ரூபாய். எல்லாம் கொடுத்தாயிற்று.

எட்டு மாதம் கழித்து, பெருக்க வந்த அக்காவின் துடைப்பம் பட்டு சர்வருக்குப் பின்னால் ஒரு கேபிள் கழன்றது. டேலி நின்றது, சரி. ஃபைல்கள் நின்றன. கேமராவும் ஏன் நிற்க வேண்டும்?

அவருக்கு போன் செய்தேன். "சார், அதெல்லாம் சாஃப்ட்வேர்லயே பிரிச்சிருக்கு. மூணுக்கும் வேற வேற ஐபி, வேற வேற மேக் அட்ரஸ். ஸ்பீடு பாருங்க, 10 ஜிபி காட்டுது" என்றார் அந்தத் தம்பி. ஐபி, மேக், 10 ஜிபி மூன்றும் உண்மைதான், ஆனால் எதுவும் பிரித்ததற்கு அத்தாட்சி இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். எந்த விர்ச்சுவல் மெஷினை உருவாக்கினாலும் அதற்கென்று ஒரு மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) தானாகவே வந்துவிடும். அந்த 10 ஜிபி, விண்டோஸுக்குள் விர்ட்ஐஓ என்ற விர்ச்சுவல் நெட்வொர்க் கார்டு காட்டும் வெறும் எண். வெளியே போகிற ஒயர் 1 ஜிபிதான். நான் விடாமல் கேட்டதும், "முழுசா பிரிக்கணும்னா வீலேன் லைசென்ஸ் வாங்கணும் சார், 12,000 ஆகும்" என்றார்.

அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. பிராக்ஸ்மாக்ஸ் இலவசமாகவே ஓடும். சந்தா கட்டினால் கிடைப்பது சப்போர்ட்டும் அவர்களுடைய என்டர்பிரைஸ் அப்டேட்டும்தான். வீலேன் என்பது ஒரே ஒயரில் பல நெட்வொர்க்குகளைத் தனித்தனியாக ஓட்டும் வழி. பிராக்ஸ்மாக்ஸில் அது பிரிட்ஜில் (சர்வருக்குள் இருக்கும் ஒரு ஸ்விட்ச் மாதிரி) ஒரு டிக். அந்த டிக்கைப் போட்டிருந்தாலும் எங்களிடம் இருப்பது சாதாரண ஸ்விட்ச், வீலேனைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதது.

மச்சினர் மகன் வந்து பார்த்தான். மூன்று மெஷினும் விஎம்பிஆர்0 என்ற ஒரே பிரிட்ஜில். அதில் மாட்டியவை எல்லாம் ஒன்றையொன்று பார்க்கும். கேமரா மெஷினிலிருந்து டேலி மெஷினுக்கு பிங் (அங்கே இருக்கிறாயா என்று கேட்கும் சோதனை) அடித்தான், உடனே பதில் வந்தது. புதுக் கார்டில் நாலு போர்ட்டிலும் பிளாஸ்டிக் மூடியைக்கூடக் கழற்றவில்லை. இரண்டாவது ரவுட்டரின் கேபிள் ரேக்குக்குப் பின்னால் எதிலும் செருகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. புதுக் கார்டின் ஒரு போர்ட்டில் விஎம்பிஆர்1 என்று இன்னொரு பிரிட்ஜ், அதற்கு சர்வர் பக்கம் ஐபியும் இல்லை, கேட்வேயும் (வெளியே போகும் வழி) இல்லை. கேமரா மெஷினை அதில் மாற்றி, கேமராக்களின் ஸ்விட்சையும் இரண்டாவது ரவுட்டருக்குக் கொண்டுபோனான், அவ்வளவுதான்.

யாராவது இப்படிப் பிரித்துக் கொடுத்ததாகச் சொன்னால் ஐபி லிஸ்டை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மெஷினிலிருந்தும் வெளியே இன்டர்நெட்டுக்குத் தெரியும் ஐபி என்ன என்று பாருங்கள், லைன் வேறென்றால் அதுவும் வேறாக வரும். அப்புறம், உங்கள் முன்னாலேயே அவரை ஒரு கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது லைனின் கணக்கில் போய்ப் பார்த்தேன். எட்டு மாதமும் பில் கட்டியிருக்கிறேன், பயன்படுத்திய டேட்டா பூஜ்யம். கூலி 6,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு வாட்ஸப்பில் எழுதினேன். பதில் வந்தது, வருடப் பராமரிப்புக்கான கொட்டேஷனாக.