போதைப் பாவனைக் கோளாறு: டீஎஸ்எம்-5 ஆ, ஐசிடி-11 ஆ?

டீஎஸ்எம்-5, ஐசிடி-11 இரண்டும் ஒருவருக்கு என்ன நோய் என்று தீர்மானிக்க உதவும் நோயறிதல் நூல்கள். கொழும்பில் ஒரு கிளினிக்குக்கு எதை எடுப்பது என்று கேட்டால், நான் ஐசிடி-11 பக்கம்தான். அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் டீஎஸ்எம்-5 வந்தது 2013இல். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில்.

டீஎஸ்எம்-5இல் கணக்கு நேரடியானது. 12 மாதத்துக்குள் 11 அளவுகோல்களில் 2, 3 இருந்தால் இலேசு. 4, 5 என்றால் நடுத்தரம். 6உம் அதற்கு மேலும் கடுமை. ஐசிடி-11 தங்கியிருத்தலுக்கு, அதாவது போதைக்கு அடிமையாகிவிடும் நிலைக்கு, மூன்று அடையாளங்களையே கேட்கிறது: கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகப் போதைக்கே முதலிடம் கொடுப்பது, உடல் அதற்குப் பழகிப்போவது. இரண்டு இருந்தால் போதும். பொதுவாக 12 மாதப் போக்கைப் பார்ப்பார்கள். நாளாந்தப் பாவனை என்றால் 3 மாதம்.

என்னை ஐசிடி பக்கம் இழுத்தது இது அல்ல. தங்கியிருத்தலுக்குக் கீழே அது வைத்திருக்கும் 'தீங்கு தரும் பாவனை' என்ற படிதான்.

கொட்டாஞ்சேனையில் துறைமுக வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் கால் போத்தல் சாராயம். 180 மில்லி, 36 சதவீதம் என்றால் தூய அல்ககோல் ஏறக்குறைய 51 கிராம். திங்கள் காலையில் கை நடுங்காது, வேலை தவறாது. "நினைச்சதைவிடக் கூடக் குடிக்கிறீங்களா?" என்றால், "இல்லையே, கால்தானே வாங்கினது" என்பார். அது உண்மையும்கூட. ஆனால் அந்த இரவுகளில் மனைவிக்கு அடி விழுகிறது. டீஎஸ்எம்மில், உறவில் பிரச்சினை வந்தும் விடாமல் குடிப்பது என்ற ஓர் அளவுகோலில்தான் குறி விழும். ஒன்றை வைத்து நோயறிதல் எழுத முடியாது. ஐசிடி-11இலோ, போதையில் நடந்துகொண்ட விதத்தால் இன்னொருவரின் உடலுக்கோ மனநலத்துக்கோ நேரடியாக வந்த பாதிப்பும் கணக்கில் சேரும். விட்டுவிட்டுக் குடிப்பவரிடம் 12 மாதம் இந்தப் போக்கு இருந்தால் 6சி40.1 என்று, அதாவது மதுவின் தீங்கு தரும் பாவனைக்கான குறியீட்டை, எழுதலாம்.

பிழை வருவதும் இங்கேதான். கடன், வாய்ச்சண்டை, மாமியார் முறைப்பாடு எல்லாவற்றையும் தீங்கு என்று எழுதிவிடுகிறார்கள். காயம் வேண்டும், அல்லது நோயாகவே கண்டறியக்கூடிய மனப்பாதிப்பு வேண்டும். ஆகவே மனைவியைக் கணவர் இல்லாமல் தனியே பாருங்கள். காயம் எங்கே, எந்தத் திகதி, அன்று அவர் குடித்த அளவு என்ன, மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். அந்தக் குறிப்பு கணவர் கையில் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீஎஸ்எம்மின் பலத்தையும் சொல்லவேண்டும். புற்றுநோய் வலிக்கு வைத்தியர் சொன்னபடி மோர்பின் எடுப்பவரிடம் தாங்குதிறன் கூடுவதையும் (அதே பலனுக்குக் கூடுதல் அளவு தேவைப்படுவது) நிறுத்தினால் வரும் அவதியையும் அது எண்ணாது. தேவையில்லாத முத்திரை விழாது. இலேசு, நடுத்தரம், கடுமை என்ற படிகள் முன்னேற்றம் பார்க்கவும் வசதி.

ஐஸ் (மெத்தம்ஃபெட்டமின்) விஷயத்தில் என் சாய்வு இவ்வளவு உறுதியானது அல்ல. குடு (ஹெரோயின்) நிறுத்தினால் மூக்கொழுகும், கொட்டாவி, வாந்தி வரும்; கண்ணாலேயே தெரியும். ஐஸ் நிறுத்தினால் சோர்வு, நீண்ட தூக்கம், மனம் இறங்கிப்போவது. 'உடல் பழக்கம்' என்ற அடையாளம் அங்கே வழுக்கும். அவர்களுக்கு டீஎஸ்எம்மின் 11ஐயும் பக்கத்தில் வைத்துக் கேட்பது நல்லது.

எதை எடுத்தாலும், நாளாந்தம் குடிப்பவரிடம் முதலில் கடைசியாகக் குடித்த நேரத்தைக் கேளுங்கள். நிறுத்தி 6 முதல் 48 மணிநேரத்துக்குள் வலிப்பு வரலாம். கைகளை நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு தாளை வையுங்கள். தாள் நடுங்கினால் படிவத்தை ஒதுக்கிவிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கள்.