அடுத்த பாகத்துக்குக் காத்திருந்த ஆண்டுகள்

ஆங்கில அறிவியல் புனைவு நாவல்களை 2015ஆம் ஆண்டிலிருந்து இடைவிடாமல் வாசித்து வருகிறேன். வாசித்த அளவுக்குக் காத்தும் இருந்திருக்கிறேன்; இவ்வகையில் நல்லவை பலவும் தொடர்களாகவே வருகின்றன என்பதே காரணம். எதிலிருந்து தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், கதை எவ்வளவு சிறப்பானது என்பதற்கு முன்பாக, அடுத்த பாகம் வராமலே போனாலும் இந்த நாவல் முழுமையாக நிற்குமா என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். தொடக்கத்தில் எனக்கு இந்த எண்ணம் இருக்கவில்லை.

நான் நெடுங்காலம் கூடவே வைத்துக்கொண்டிருந்த தொடர் 'தி எக்ஸ்பான்ஸ்'. அதன் ஆசிரியர் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்பது டேனியல் ஏபிரகாம், டை ஃபிராங்க் என்னும் இருவரின் புனைபெயர். முதல் நாவலான 'லெவியத்தான் வேக்ஸ்' 2011 ஜூனில் வெளிவந்தது. அதன்பின் 2015 வரை ஒவ்வொரு ஜூனிலும் ஒரு நாவல் வந்துகொண்டிருந்தது. அந்த ஐந்தையும் நான் அடுத்தடுத்து வாசித்து முடித்தேன். முதல் நான்கும் தாம் எடுத்துக்கொண்ட சிக்கலை ஓரளவுக்கேனும் தீர்த்துவிட்டே விடைபெறுகின்றன. ஐந்தாவதான 'நெமிசிஸ் கேம்ஸ்' அப்படியல்ல. பூமியின் மீது விண்கற்கள் ஏவப்பட்டு, பழைய உலக ஒழுங்கு குலைந்து கிடக்கும் நிலையில் அது முடிகிறது. அடுத்த நாவல் பதினெட்டு மாதங்கள் கழித்து, 2016 டிசம்பரில்தான் வந்தது.

அந்த இடைவெளியை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். வேறு வழியில்லாமல் முதல் நாவலை மீண்டும் எடுத்தேன். முதல் வாசிப்பில் துப்பறியும் மில்லருடன் சேர்ந்து காணாமற்போன பெண்ணைத் தேடி ஓடியதில் கவனிக்கத் தவறிய ஒன்று, இரண்டாம் வாசிப்பில் துலங்கியது: அழிக்கப்படுகிற 'கேன்டர்பரி' என்ற கப்பல் சனிக் கோளின் வளையங்களிலிருந்து பனிக்கட்டி ஏற்றிவரும் கப்பல். சிறுகோள்களில் வாழ்வோருக்குத் தண்ணீர் என்பது யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்க்க வேண்டிய சரக்கு. அப்படிப்பட்ட ஒரு கப்பலைத் தாக்கினால் ஏன் போர் மூளும் என்பதை எந்த விளக்கவுரையும் இன்றி அந்த ஒரு விவரமே புரியவைத்துவிடுகிறது.

எட்டாவது நாவல் 2018 டிசம்பரில் வரும் என்று அறிவிக்கப்பட்டு, பிறகு 2019 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. நான் முன்பதிவு செய்திருந்த இணையக் கடை, தேதி மாறியதும் எந்தத் தகவலும் தராமல் என் பதிவை நீக்கிவிட்டது. புத்தகம் வெளிவந்து இரண்டு வாரம் ஆன பின்புதான் எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து வெளியீட்டுத் தேதிகளை நானே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். அதற்குப் பெரிதும் உதவுவது 1968 முதல் அமெரிக்காவில் வெளிவரும் 'லோக்கஸ்' இதழ். வரவிருக்கும் நூல்களின் பட்டியலோடு, முந்தைய ஆண்டின் பரிந்துரைப் பட்டியலையும் அது வெளியிடுகிறது. விருதுப் பட்டியல்களில் ஐந்தாறு பெயர்களே இருக்கும். இதில் பெயர் தெரியாத எழுத்தாளர்களுக்கும் இடமுண்டு என்பதால் நான் இதையே அதிகம் நம்புகிறேன்.

ஒன்பதாவதும் இறுதியுமான 'லெவியத்தான் ஃபால்ஸ்' 2021 நவம்பர் 30 அன்று வெளியானது. ஏழாவது நாவலில் கதை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தாவியபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பழகிய மனிதர்கள் திடீரென்று முதியவர்களாகிவிட்டார்கள். முழுத் தொடரையும் மறுபடி வாசித்த பிறகு என் கருத்து மாறிவிட்டது. கடைசி மூன்று நாவல்களின் கனம் அந்த முதுமையிலிருந்துதான் வருகிறது.

எல்லாக் காத்திருப்பும் இப்படிக் கைகூடுவதில்லை. வெர்னர் விஞ்சியின் 'எ ஃபயர் அப்பான் தி டீப்' 1992இல் வந்தது. அதன் கதையை நேராகத் தொடரும் 'தி சில்ட்ரன் ஆஃப் தி ஸ்கை' 2011இல்தான் வந்தது. அந்த இரண்டாவது நாவல் பல முடிச்சுகளை அவிழ்க்காமலே நிற்கிறது. அவற்றை அவிழ்க்கக்கூடிய ஒரே மனிதர் 2024 மார்ச்சில் காலமானார். செய்தியைப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. ஆயினும் 1992ஆம் ஆண்டு நாவலை எவருக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்; கூட்டமாகச் சேர்ந்தால் மட்டுமே ஒரு மனமாக இயங்கும் நாய் போன்ற உயிரினங்களைக் கற்பனை செய்த அந்த நாவல், தனியாக வாசித்தாலே நிறைவு தருகிறது.

லியூ சிசினின் முப்பொருள் வரிசையில் காத்திருப்பு வேறு விதமானது. சீன மொழியில் மூன்று நாவல்களும் 2010க்குள் முடிந்துவிட்டன; ஆங்கிலத்தில் அவை 2014க்கும் 2016க்கும் இடையில் வந்தன. முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, மொழிபெயர்ப்பாளர் வரும் வரையில்தான் பொறுக்க வேண்டும் என்ற உறுதி பெரிய ஆறுதல்.

இப்போது நான் எதிர்பார்ப்பது, கோரியின் புதிய முத்தொடர் நிறைவடைவதை. அதன் முதல் நாவலான 'தி மெர்சி ஆஃப் காட்ஸ்' 2024 ஆகஸ்டில் வந்தது. கேரிக்ஸ் என்னும் வேற்றுயிர்கள் ஒரு கோளையே வென்று, அங்குள்ள ஆய்வாளர்களைச் சிறைபிடித்துச் சென்று, பயன்படுவோர் மட்டும் பிழைக்கலாம் என்ற நிலையில் வைக்கிறார்கள். அடிமைப்பட்ட அறிவாளிகளின் மன உளைச்சலை இவ்வளவு நிதானமாக எழுதிய நாவலை நான் அரிதாகவே வாசித்திருக்கிறேன். ஆனால் அது ஒரு முழுக் கதையின் முதல் மூன்றிலொரு பங்கு என்றே படுகிறது. ஆகவே, நான் ஆவலோடு காத்திருந்தாலும் பிறருக்கு இதை இப்போதைக்குச் சொல்வதில்லை.

சென்ற விடுமுறையில் அக்கா மகள், "மாமா, எனக்கு ஒன்று கொடுங்கள், ஆனால் பாதியில் நிற்கக்கூடாது" என்றாள். ஏட்ரியன் சைக்கோவ்ஸ்கியின் 'சில்ட்ரன் ஆஃப் டைம்' நாவலை எடுத்துக் கொடுத்தேன். சிலந்திகளின் நாகரிகம் தலைமுறை தலைமுறையாக வளர்வதைச் சொல்லும் அந்த 2015ஆம் ஆண்டு நாவல் தன்னளவில் முடிந்துவிடுகிறது. ஒரு வாரத்தில் திருப்பித் தந்தவள், இதற்கு அடுத்த பாகம் உண்டா என்று கேட்டாள். 2019இல் வந்த 'சில்ட்ரன் ஆஃப் ரூயின்' என் அலமாரியிலேயே இருந்தது.