அச்சில் நிறம் கெட்டதற்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்கிய கதை: கோவில் மலர் அச்சிடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

மொரீசியஸில் கோவில் மலர், கல்யாண ஆல்பம், திருவிழாச் சுவரொட்டி என்று எதை அச்சுக்குக் கொடுத்தாலும், வந்த பிரதிகளில் நிறம் மாறியிருப்பதைக் காட்டிக் கேட்கும்போது, "உங்கள் கம்ப்யூட்டரில் நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லை, அதனால்தான்" என்று அச்சகத்தார் சொன்னால், மேற்கொண்டு ஒரு ரூபாயும் கொடுக்காமல் கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி நான் 19,500 ரூபாய்க்குக் கார்டு வாங்கினேன். எங்கள் சபைக்கோ 300 பிரதிகள் இரண்டு முறை வீணாயின.

கோவிலில் மாலைநேரத் தமிழ் வகுப்பு நடத்துபவன் என்பதால், தைப்பூசக் காவடிக்காக 40 பக்கத்தில் ஒரு மலர் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. குவாத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச்சரிவில் உள்ள முருகன் கோவிலுக்கு முந்தைய ஆண்டு காவடிகள் ஏறியபோது என் அக்காள் மகன் எடுத்திருந்த படங்களை வீட்டுக் கணினியில் போட்டோஷாப்பில் திருத்தினேன். காவடி எடுப்பவர்கள் இங்கே உடுத்தும் அந்த ஆழ்ந்த ரோஜா நிறமும், மஞ்சள் துணியும், மயிற்பீலியும், உடலில் கோத்த எலுமிச்சம்பழங்களும் திரையில் கண்ணைப் பறித்தன. அச்சாகி வந்தபோது ரோஜா நிறம் பலமுறை துவைத்த துணியைப் போல வெளுத்திருந்தது. எலுமிச்சை சாம்பல் பூத்திருந்தது. ஆட்களின் முகங்கள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களின் முகங்களாக இருந்தன.

அச்சக உரிமையாளர் பிரதியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கணினியில் தனிக் கார்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும், தவறு என்னுடையது என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு கடையின் முகவரியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கார்டு வாங்கி, படங்களை மறுபடி திருத்திக் கொண்டுவந்தால், இரண்டாம் அச்சைப் பாதி விலைக்குச் செய்து தருவதாகவும் சொன்னார். தைப்பூசத்துக்கு மூன்று வாரமே இருந்ததால் அன்று மாலையே வாங்கிவிட்டேன். கடைக்காரர் தந்த ரசீதின் மூலையில் "அனுப்பியவர்" என்ற இடத்தில் அச்சகத்தின் பெயர் எழுதப்பட்டிருந்ததை வெகு நாள் கழித்துத்தான் கவனித்தேன். கமிஷன் கைமாறியதா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. ரசீது மட்டும் இருக்கிறது.

உண்மையில் கிராபிக்ஸ் கார்டின் வேலை திரையோடு முடிந்துவிடுகிறது. படக்கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கின்றன. அந்த எண்களைத் திரைக்கு எடுத்துச் செல்வதே கார்டின் பணி. பெரிய படத்தை வேகமாக உருப்பெருக்கிக் காட்டவும், சில வடிகட்டிகளை விரைவாக ஓட்டவும் மென்பொருள் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் பென்டிரைவில் அச்சகத்துக்குப் போவது எண்கள் மட்டுமே. 500 ரூபாய்க் கார்டில் திருத்தினாலும் 50,000 ரூபாய்க் கார்டில் திருத்தினாலும் 200 என்று சேமித்த எண் 200 ஆகவே இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கார்டு உதவாமல் போனதோடு நிற்காமல் வேலையைக் கெடுக்கவும் செய்தது. புதிய கார்டை எச்டிஎம்ஐ கேபிளில் மானிட்டரோடு இணைத்தபோது, அது மானிட்டரைத் தொலைக்காட்சி என்று கருதி, 0 முதல் 255 வரை அனுப்ப வேண்டிய அளவுகளை 16 முதல் 235 வரைக்குள் சுருக்கி அனுப்பியது. கார்டின் அமைப்புகளில் வெளியீட்டு வரம்பை "முழு" என்று மாற்றினால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் குறை அது. அதை அறியாத நான், கறுப்பு சாம்பலாகத் தெரிவதைப் பார்த்து, படங்கள்தாம் வெளிறியிருக்கின்றன என்று எண்ணி, 40 பக்கங்களிலும் நிழல்களை இன்னும் இருட்டாக்கினேன். இரண்டாம் அச்சில் காவடி தூக்கியவர்களின் தலைமுடியும் பின்னால் நின்ற மரங்களும் ஒரே கரிக்கட்டையாக ஒட்டிக்கொண்டு வந்தன. நிறமோ முன்பு போலவே செத்துக் கிடந்தது.

போர்ட் லூயிஸில் நீண்ட காலம் ஆஃப்செட் அச்சு இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறார்; நாங்கள் எல்லாரும் அவரை மாமா என்போம். பிரதியையும் கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், "வாத்தியாரே, கார்டை விடுங்கள், இந்தப் படம் எந்த நிறவெளியில் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்" என்றார். எந்த எண் எந்த நிறம் என்று வகுக்கும் முறைதான் நிறவெளி. என் அக்காள் மகன் கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்திருந்தான். 1998இல் வந்த அந்த நிறவெளி, மைக்ரோசாஃப்டும் எச்பியும் 1996இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபியைவிட அகலமானது, குறிப்பாகப் பச்சைப் பக்கத்தில். ஒரே எண் இரண்டிலும் ஒரே நிறத்தைக் குறிக்காது. எந்த வெளியின் எண் இது என்பதைச் சொல்லும் சீட்டுத்தான் கோப்போடு ஒட்டியிருக்கும் நிற புரொஃபைல். அச்சகத்தில் கோப்பைத் திறக்கும்போது அந்தச் சீட்டைக் கிழித்தெறியும் விதமாக மென்பொருளை அமைத்துவைத்து, எல்லாவற்றையும் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொண்டு அச்சின் நான்கு மைகளுக்கு மாற்றியிருக்கிறார்கள். முகங்கள் வெளுத்ததும் எலுமிச்சை சாம்பலானதும் இதனால்தான். அவர்களுடைய இயந்திரத்தில் நடந்த தவறுக்கு என் கணினிக்குள் கார்டு செருகச் சொன்னார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

என் பக்கத் தவறுகளையும் மறைக்க விரும்பவில்லை. மானிட்டரின் வெளிச்சத்தை எப்போதும் உச்சத்தில் வைத்திருந்தேன். அச்சோடு ஒப்பிடுகிறவர்கள் திரையின் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (ஒளியின் அலகு) வரை குறைத்துக்கொள்வார்கள். அந்த ரோஜா நிறத்தில் நீலச்சாயல் கலந்த பளபளப்பு முழுவதையும் சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் எந்த அச்சகமும் கொண்டுவர முடியாது என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது, மை தாளில் விழும் ஒளியை விழுங்கி நிறம் காட்டுகிறது. போட்டோஷாப்பில் கண்ட்ரோலும் ஷிப்டும் ஒய்யும் சேர்த்து அழுத்தினால், அச்சில் எட்டாத நிறங்கள் உள்ள இடங்கள் சாம்பலாகத் தெரியும். மாமா அழுத்திக் காட்டியபோது அட்டைப்படத்தில் பாதித் துணி மறைந்துவிட்டது. அதை முன்பே பார்த்திருந்தால் எதிர்பார்ப்பையாவது குறைத்துக்கொண்டிருப்பேன்.

எழுத்துக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் அச்சுக்கு முன் தலைப்பின் அளவை மாற்றுவதாகச் சொல்லி, என்னைக் கேட்காமலே கோப்பில் எழுத்து இருக்கும் அடுக்கை (லேயரை) தங்கள் கணினியில் திறந்து தொட்டிருக்கிறார்கள். அங்கிருந்த பழைய மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பு இயக்கப்படவில்லை. விளைவாக, தெய்வானை என்ற பெயரில் தகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது, அதுவும் முதல் பக்கத்திலேயே. எழுத்து வரிசையில் தமிழ் கீழே இறக்கப்பட்டதற்காக 1998இல் மொரீசியஸ் ரூபாய் நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தவர்கள் நாம். கோவில் மலரில் இப்படி வந்தால் சபைப் பெரியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. உள்ளே சிறிய எழுத்துகளும் தப்பவில்லை. கறுப்பு மை ஒன்றில் மட்டும் போயிருக்க வேண்டிய எழுத்து நான்கு மைகளிலும் பிரிந்து, மைகள் மயிரிழை விலகியதில் ணகரத்தின் சுழிகள் எல்லாம் அடைபட்டுப் போயின.

மூன்றாவதாக வேறொரு அச்சகத்துக்குப் போனபோது, மாமா சொல்லிக் கொடுத்தபடி, எங்கள் தாளுக்கான புரொஃபைலை அவர்களிடமே கேட்டு வாங்கி, அதை வைத்துத் திரையில் முன்னோட்டம் பார்த்துத் திருத்தி, எழுத்துருக்களை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆகக் கொடுத்தேன். முழு வேலையையும் ஒப்புக்கொள்ளும் முன் அட்டையும் இரண்டு உள்பக்கங்களும் மாதிரி அச்சாகக் கேட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்துக் கையெழுத்திட்டோம். மாதிரிக்கு 600 ரூபாய் ஆயிற்று. முதல் அச்சகத்தில் மாதிரி கேட்டபோது "நேரமில்லை" என்றார்கள். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, கார்டின் பெட்டியைப் பிரித்துவிட்டேன் என்பதால் கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். அச்சகத்தார் இரண்டாம் அச்சுக்கான தொகையில் கால் பங்கைத் திருப்பித் தருவதாக வாய்ச்சொல்லாகச் சொல்லி நான்கு மாதம் ஆகிறது. கோப்பின் நகல், இரண்டு அச்சுகளின் பிரதிகள், அந்த ரசீது ஆகியவற்றோடு நுகர்வோர் விவகாரப் பிரிவில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். அச்சகம் ஒன்று கணினிக் கடைக்குச் சீட்டு எழுதி அனுப்பிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், ரசீதின் மூலையை ஒருமுறை பார்த்துவிட்டு எனக்குத் தெரிவியுங்கள்; புகாரோடு அதையும் இணைத்துக்கொள்கிறேன்.