அந்தச் சொடக்குச் சத்தத்தை நம்பி 24,000 ரூபாய் கட்டினேன்

அம்மா பக்கத்து அறையில் அசையாமல் படுத்திருக்கிறார். நேற்று எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்தது. முதுகெலும்பில் எல்-1 எலும்பு (இடுப்புப் பகுதியின் முதல் எலும்பு) முன்பக்கம் நசுங்கியிருக்கிறது, புது முறிவு. இதற்கு ஒரு கைரோபிராக்டிக் கிளினிக்கில் (முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருப்பிச் சரிசெய்வதாகச் சொல்லும் இடம்) நான் கட்டிய பணம் 24,000 ரூபாய். வீட்டில் வயதானவர்களும் அவர்களுக்கு முதுகு வலியும் இருந்தால் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். இப்படிப்பட்ட இடத்துக்குப் போகும்முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 64 வயது. இரண்டு வருடமாக இடுப்பு வலி. ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் எலும்பு டாக்டரிடம் வரவே மாட்டேன் என்றார். நான்தான் போனில் முதுகைச் சொடக்கென்று சரிசெய்வதாகக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, எங்கள் கோவையிலேயே இருக்கும் ஒரு கைரோபிராக்டிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, வெள்ளைக் கோட்டு, போர்டில் பெயருக்கு முன்னால் டாக்டர். புகார் கொடுக்கப் போவதால் இப்போதைக்குப் பெயர் எழுத வேண்டாம் என்கிறான் தம்பி.

நான் ஏமாந்து விழுந்த இடத்தைச் சொல்கிறேன். அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்து, இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்தார் அந்த வெள்ளைக் கோட்டுக்காரர். "பாருங்க மேடம், இடது கால் ஒரு விரக்கடை குட்டையா இருக்கு. இடுப்பெலும்பு விலகியிருக்கு." பார்த்தேன், குட்டையாகத்தான் தெரிந்தது. அப்புறம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மேல்காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் திருப்பி ஒரே தள்ளு. டக்கென்று சத்தம். "எலும்பு உக்காந்திருச்சு" என்றார். திரும்பவும் குதிகாலைப் பிடித்துக் காட்டினார். இரண்டும் சமம்! அம்மா எழுந்து நின்று, "லேசா இருக்குது கண்ணு" என்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சிட்டிங் 3,000 ரூபாய், பன்னிரண்டு சேர்த்துக் கட்டினால் 24,000, இன்று கட்டினால்தான் இந்த ரேட் என்றார்கள். அங்கேயே ஜிபேயில் 24,000 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

அவர்கள் கொடுத்த படிவத்தில் பெயர், வயது, போன் நம்பர், எங்கே வலி, எங்களைப் பற்றி எப்படித் தெரியும் என்ற கேள்விகள்தான். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒருத்தர் கேட்கவில்லை. அம்மா வீசிங்குக்காக வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். எக்ஸ்ரேகூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது சிட்டிங்கில் பேனா மாதிரி ஒரு ஸ்பிரிங் கருவியால் முதுகெலும்பு ஓரமாகத் தட்டினார்கள். மூன்றாவதில், அழுத்தும்போது ஒரு பகுதி மட்டும் சட்டென்று கீழே இறங்கும் மேசை. நான்காவதில் குப்புறப் போட்டு உள்ளங்கையால் நடு முதுகில் பலமாக ஒரு குத்து. அம்மா "ஐயோ" என்று கத்தியது வெளியே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. "சத்தம் வந்தா நல்லதுங்க" என்றாள் ரிசப்ஷன் பெண்.

அன்று இரவு அம்மாவால் புரண்டு படுக்க முடியவில்லை. மூன்றாவது தடவையே வலி அதிகமாகத்தான் இருந்ததாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இருவத்தி நாலாயிரம் கட்டிட்டியே கண்ணு, பாதியில விட்டா வீணாப் போயிருமேன்னுதான்" என்றார். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பணம் முன்கூட்டியே கட்டாமல் இருந்திருந்தால், அம்மா நான்காவது தடவை அந்த மேசையில் படுத்தே இருக்க மாட்டார்.

போன் செய்தால், "ஆரம்பத்துல வலி கூடும், உடம்பு சரியாகிட்டு வருதுன்னு அர்த்தம்" என்றார்கள். மறுநாள், சார் வெளியூர். வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. நேரில் போனேன். பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'பேக்கேஜ் பணம் திருப்பித் தரப்படாது' என்று இருப்பதைக் காட்டினார் மேனேஜர். மீதி எட்டு சிட்டிங்கை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாமாம்! அம்மாவின் எலும்பை நசுக்கிவிட்டு என்னைப் படுக்கக் கூப்பிடுகிறார்கள். பதிவு எண் என்ன சார் என்று கேட்டேன். சுவரில் மாட்டிய சான்றிதழைக் கை காட்டினார். அதில் பதிவு எண்ணே இல்லை.

எலும்பு டாக்டர் முதல் இரண்டு நிமிடத்திலேயே மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். நாள்பட்ட ஸ்டீராய்டு எலும்பைப் பலவீனமாக்கும், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள் என்றார். அதில் வந்த அளவு, டி-ஸ்கோர், மைனஸ் 3.1. மைனஸ் 2.5-ஓ அதற்குக் கீழோ போனாலே எலும்புப்புரை நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்). இப்படிப்பட்ட முதுகில் யாரும் பலமாக அழுத்தக் கூடாது. அந்தச் சத்தம் எலும்பு உட்காரும் சத்தமே இல்லையாம். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக்குமிழி உண்டாகிறது, விரலில் சொடக்கு எடுப்பது போலத்தான். கால் குட்டை நெட்டையும் படுக்கும் விதத்திலும் பிடிக்கிற கையிலுமே மாறுமாம். அவர் நியாயமாகத்தான் பேசினார். முறையாகப் படித்தவர் ஆளைப் பரிசோதித்துச் செய்தால் சிலருக்கு இடுப்பு வலி ஓரளவு குறையும் என்றார். அமெரிக்காவில் 1895-இல் தொடங்கிய முறை இது. அங்கே தனிப் படிப்பு, எல்லா மாநிலத்திலும் லைசென்ஸ். இங்கே இதற்கென்று பதிவு செய்யும் ஒரு கவுன்சில் கிடையாது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், உட்கார்ந்து எழுத இப்போது முடியவில்லை. இதை மட்டும் மனதில் வையுங்கள். பேக்கேஜ் கட்டவே கட்டாதீர்கள். மாத்திரைகளைப் பற்றிக் கேட்காதவரைத் தொட விடாதீர்கள். கழுத்தைச் சட்டென்று திருப்ப யாரையும் அனுமதிக்காதீர்கள், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள்.

24,000 ரூபாய். பில், ஜிபே ஸ்கிரீன்ஷாட், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் நாளை காலை முதல் வேலையாகப் புகார். 5 லட்சம் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்று தம்பி சொன்னான், அங்கேயும் போகிறேன். அம்மாவுக்கு இடுப்பு பெல்ட் கட்டும் நேரமாகிவிட்டது.