கமாவா, ஜாயினா?

டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழி எஸ்க்யூஎல்; அதில் எழுதும் கேள்விதான் குவெரி. வாடிக்கையாளர் டேபிளில் 500 வரிசை, ஆர்டர் டேபிளில் 2,000 வரிசை. யார் எதை வாங்கினார் என்று ஒரே பட்டியலாக வேண்டும். பழைய வழியில், ‘ஃப்ரம்’முக்குப் பின் இரண்டு டேபிளையும் கமா போட்டு எழுதி, வாடிக்கையாளர் எண் இரண்டிலும் பொருந்த வேண்டும் என்பதை ‘வேர்’ பகுதியில் சொல்வோம். மற்றது, 1992 எஸ்க்யூஎல் தரத்தோடு வந்த ‘ஜாயின் – ஆன்’. இதில் டேபிள்களை ‘ஜாயின்’ சேர்க்கும், அந்த நிபந்தனை ‘ஆன்’ பகுதியில் வரும்.

வேகத்தில் எது மேல் என்று கேட்பவர்கள் அதிகம். இவ்வளவு சின்ன குவெரியில் இரண்டும் ஒன்றே. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில், குவெரியை எப்படி இயக்கப்போகிறது என்று காட்டும் ‘எக்ஸ்பிளெய்ன்’ போட்டுப் பாருங்கள், அதே திட்டம்தான் வரும்.

மறதியில்தான் வித்தியாசம். கமா முறையில் அந்த நிபந்தனையை எழுத விட்டுப்போனால் டேட்டாபேஸ் வாயே திறக்காது. ஒவ்வொரு வாடிக்கையாளரையும் ஒவ்வொரு ஆர்டரோடும் கோத்து 10 லட்சம் வரிசையைக் கொட்டும். ஜாயினில் ‘ஆன்’ விட்டுப்போனால் போஸ்ட்கிரஸ் பிழை சொல்லி நிறுத்திவிடும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் இதில் ரொம்பத் தாராளம். ‘ஆன்’ இல்லாவிட்டாலும் அதே 10 லட்சத்தைத் தரும்.

ஆர்டரே போடாதவர்களும் பட்டியலில் வேண்டுமா? அங்கே கமா கைவிரித்துவிடும். ஆரக்கிள் டேட்டாபேஸ்காரர்கள் அடைப்புக்குறிக்குள் கூட்டல் குறி போட்டுச் சமாளித்தார்கள். அந்த வித்தை மற்ற இடங்களில் பொதுவாகச் செல்லாது. இடப்பக்க டேபிளின் எல்லா வரிசைகளையும், ஜோடி இல்லாவிட்டாலும், வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின்தான் வழி.

அதிலும் ஒரு குழி உண்டு. 2024 ஆர்டர்கள் மட்டும் போதும் என்று தேதி நிபந்தனையை ‘வேர்’ பகுதியில் வைத்தால், ஆர்டர் போடாதவர்கள் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள். அவர்களுடைய தேதி இடத்தில் இருப்பது ‘நல்’, அதாவது மதிப்பே இல்லை என்ற குறி. பெயரில்தான் நல், எந்தத் தேதியோடு ஒப்பிட்டாலும் ‘ஆம்’ என்ற பதில் வராது, வரிசை கழிந்துவிடும். லெஃப்ட் என்று எழுதி, பொருந்திய வரிசைகளை மட்டும் தரும் இன்னர் ஜாயினை வாங்கிக்கொண்ட கதை. தேதியையும் ‘ஆன்’ பகுதிக்குள் வையுங்கள்.

நேச்சுரல் ஜாயின் பக்கமே போக வேண்டாம். ஒரே பெயருள்ள எல்லா நெடுவரிசைகளையும் அது பொருத்திப் பார்க்கும். இரண்டிலும் ‘பதிவு நேரம்’ இருந்தால் முடிவு அநேகமாகக் காலி.

ஓடிக்கொண்டிருக்கும் பழைய கமா குவெரியை நான் தொடுவதில்லை. அதில் மூன்றாவது டேபிளை ஜாயினாகச் சேர்க்கும் நாளில் மட்டும் முழுவதையும் மாற்றிவிடுவேன். கமாவைவிட ஜாயினுக்கு முன்னுரிமை என்பதால், கமாவுக்கு இடப்பக்கம் உள்ள டேபிளை ‘ஆன்’ பகுதியில் குறிப்பிட்டால் பிழைதான் வரும்.